எபிநெஃப்ரின் கொடுத்தும் சிப்பி லார்வாவில் மூன்றில் ஒரு பங்குதான் உருமாறுகிறது: தவறு மருந்திலா, லார்வாவிலா?

கழிமுகம்:

இனம் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். தண்ணீர் 28–29 டிகிரி, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 28. லார்வா 17ஆம் நாள், 212 மைக்ரான் வலையில் நின்றவை மட்டும். கண்புள்ளி பெரும்பாலானவற்றில் தெரிகிறது.

ஓட்டில் கொத்தாக ஒட்டிய குஞ்சு வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக வளர வேண்டும். அதற்காக எபிநெஃப்ரின் (அட்ரினலின்) பைடார்ட்ரேட். 10⁻⁴ மோலார் என்று கணக்கிட்டு லிட்டருக்கு 18 மில்லிகிராம், 2 மணி நேரம், ஏர் ஸ்டோன் ஓடும் தொட்டியில். ஸ்டாக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில், கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில் 4 நாள் இருந்தது. இப்போது லேசாக ரோஜா நிறம்.

24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் உருமாறியிருக்கிறது. ஒரு பகுதி இன்னும் வீலத்தை (லார்வா நீந்தவும் தீனி வடிக்கவும் உதவும் மயிரிழை மடலை) விரித்து நீந்துகிறது. இன்னொரு பகுதி தொட்டிச் சுவரிலேயே சிமென்ட் வைத்த மாதிரி ஒட்டிவிட்டது.

செறிவைக் கூட்டலாமா? நேரத்தைக் கூட்டலாமா? எல்-டோப்பாவுக்கு மாறலாமா?

---

உப்புமானி:

கூட்டுவதற்கு முன்னால், நீங்கள் எழுதிய எண்ணையே ஒருமுறை பாருங்கள். லிட்டருக்கு 18.3 மில்லிகிராம் என்பது வெறும் எபிநெஃப்ரினுக்கான எடை. அதன் மூலக்கூறு எடை 183.2. பைடார்ட்ரேட் உப்பின் மூலக்கூறு எடை 333.3. அதில் 18 மில்லிகிராம் போட்டால் கிடைப்பது 5.4 × 10⁻⁵ மோலார், அதாவது நினைத்ததில் பாதியை ஒட்டி. பைடார்ட்ரேட்டாக இருந்தால் லிட்டருக்கு 33.3 மில்லிகிராம். ஹைட்ரோகுளோரைடு உப்பு என்றால் 22. பாட்டில் மேல் எந்த உப்பு என்று எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் கணக்கு.

அந்தப் பாதியிலும் எவ்வளவு உயிரோடு இருந்தது என்பது அடுத்த கேள்வி. ரோஜா நிறம் அட்ரினோகுரோம். எபிநெஃப்ரின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டதற்கான அடையாளம். அடுத்து பழுப்பாகும், கடைசியில் கறுப்புத் துகளாக அடியில் படியும். நிறம் வந்த ஸ்டாக்கை எவ்வளவு மிச்சம் என்று ஊகித்துப் பயன்படுத்தாதீர்கள். கொட்டிவிடுங்கள்.

ஏர் ஸ்டோனும் வேண்டாம். பிஎச் 8க்கு மேல், வெதுவெதுப்பான தண்ணீர், வெளிச்சம், குமிழ் குமிழாக ஆக்சிஜன்: எபிநெஃப்ரினைக் கெடுக்க வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குக் காற்று இல்லாமல் லார்வா தாங்கும். அகலமான, ஆழமில்லாத பாத்திரம் எடுத்து, கால் மணிக்கு ஒருமுறை கையால் மெல்லச் சுழற்றிவிட்டால் போதும்.

10 லட்சம் லார்வாவுக்கு ஒரு அளவு சொல்கிறேன். மில்லிலிட்டருக்கு 100 லார்வாவைத் தாண்டாமல் 10 லிட்டர் தண்ணீர். ஒரு மைக்ரான் ஃபில்டரில் வடித்து புறஊதா விளக்கில் ஓட்டிய கடல்நீர். லார்வா ஏற்கெனவே இருந்த அதே உப்புத்தன்மை, அதே வெப்பம். பாசி போடாதீர்கள். 333 மில்லிகிராம் பைடார்ட்ரேட்டை 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 10⁻² மோலார் ஸ்டாக். அதை அப்படியே 9.9 லிட்டரில் ஊற்றினால் 10⁻⁴. ஊற்றும் நேரத்தில்தான் கரைக்க வேண்டும், ஐந்து நிமிடம்கூட முன்னதாக வேண்டாம்.

பைடார்ட்ரேட் தண்ணீரிலேயே எளிதாகக் கரையும். உங்களிடம் உப்பில்லாத வெறும் எபிநெஃப்ரின் இருந்தால் தண்ணீரில் கரையாது, 0.005 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். ஸ்டாக் அமிலமாக இருக்கிறதே என்று சோடா போட்டு பிஎச்சை 8க்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த அமிலம்தான் மருந்தைக் கெடாமல் வைத்திருக்கிறது, கை வைக்காதீர்கள். தொட்டியில் கலந்தபின் பிஎச் கொஞ்சம் இறங்கும். கடல்நீரின் காரத்தன்மை அதைத் தாங்கும். ஆனால் மழைக்காலத்துக் கழிமுகத் தண்ணீர் என்றால் காரத்தன்மை குறைவு, அளந்து பாருங்கள்.

ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம். பிறகு 150 மைக்ரான் வலையில் ஏந்தி, நல்ல கடல்நீரில் மூன்று முறை அலசி, டவுன்வெல்லருக்கு (மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஓடும், அடியில் வலை கட்டிய தொட்டிக்கு) மாற்றுங்கள். மீந்த மருந்துத் தண்ணீரில் ப்ளீச் போட்டு, நிறம் போனபின் கொட்டுங்கள்.

பொடியை எடைபோடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். மூக்கில் போனால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மறந்துவிடாதீர்கள், இது அட்ரினலின்.

---

வெலிஜர்:

உப்புமானி சொன்ன எடைக் கணக்கு சரி. ஆனால் சுவரில் ஒட்டிய கூட்டத்தை அது விளக்காது.

சிப்பி லார்வாவில் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. முதலாவது தரையிறங்கும் நடத்தை. வீலத்தைச் சுருக்கி, காலை நீட்டி, அடியில் ஊர்ந்து, இடம் பிடித்தால் காலில் இருந்து சிமென்ட் வடித்து இடது ஓட்டை ஒட்டவைக்கும். பிடிக்காவிட்டால் மறுபடி நீந்திப் போய்விடும். சிமென்ட் வைக்கும்வரை எல்லாமே திருப்பக்கூடியது. இரண்டாவது உருமாற்றம்: வீலம் கழன்று போகும், கால் கரையும், செவுள் பெருகும், புது ஓடு விளிம்பில் படரும். இதில் திரும்பிப் போக வழி இல்லை.

1980களின் நடுவில் பசிபிக் சிப்பியை வைத்து கூன், போனார், வைனர் மூவரும் காட்டியது, இந்த இரண்டுக்கும் ரசாயனப் பாதையே வேறு என்பதுதான். எல்-டோப்பா உள்ளே போய் டோப்பமைனாகி முதல் பாதையைத் திறக்கிறது. சில நிமிடங்களில் லார்வா காலை நீட்டி ஊர ஆரம்பிக்கும். எபிநெஃப்ரினும் நார்எபிநெஃப்ரினும் ஆல்ஃபா-1 வகை அட்ரினெர்ஜிக் ஏற்பி வழியாக இரண்டாவதை நேரடியாக இயக்குகின்றன. முதல் படி நடக்காமலே இரண்டாவது நடந்துவிடுவதால் சிமென்ட் வடிப்பதில்லை, குஞ்சு தனியாக நிற்கிறது. ஹேட்சரிகளுக்கு எபிநெஃப்ரின் பிடித்துப்போனது இதனால்தான்.

ஆக, உங்கள் தொட்டிச் சுவரில் ஒட்டியவை எபிநெஃப்ரின் வேலை செய்த லார்வாக்கள் அல்ல. மருந்து பற்றாமல், இயற்கையான வழியில் தாமாகவே இறங்கி ஒட்டியவை. சுவரில் பாக்டீரியா படலம் இருந்திருக்கும். எல்-டோப்பாவுக்கு மாறினால் சுவரில் ஒட்டுவது இன்னும் கூடும், உங்கள் தேவைக்கு நேர் எதிர்.

நீந்திக்கொண்டிருப்பவை வேறு கதை. அவற்றில் பல இன்னும் பக்குவம் அடையாதவையாக இருக்கலாம். ஏற்பியும் அதன் பின்னால் உள்ள நரம்புத் தொடரும் உருவாகாத லார்வாவுக்கு 10⁻³ மோலார் கொடுத்தாலும் உருமாறாது, செத்துப்போகும். மருந்து பக்குவத்தை உண்டாக்குவதில்லை, பக்குவமானதைத் தட்டிவிடுகிறது, அவ்வளவே.

மருந்தா லார்வாவா என்று பிரித்தறிய, ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு சிறு கிண்ணம் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 லார்வா. ஒன்றில் வெறும் கடல்நீர். இரண்டாவதில் மருந்தில்லாமல், ஸ்டாக்கில் உள்ள அதே அளவு டார்டாரிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ மட்டும். மூன்றாவதில் புதிதாகக் கரைத்த எபிநெஃப்ரின். நான்காவதில் இரண்டு மூன்று நாள் கடல்நீரில் ஊறிய சிப்பி ஓட்டுச் சில்லு. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் எண்ணுங்கள்.

சில்லில் ஒட்டியிருக்கிறது, எபிநெஃப்ரினில் மாறவில்லை என்றால் மருந்து செத்துப்போனது. இரண்டிலுமே இல்லை என்றால் லார்வாவுக்குப் பக்குவம் வரவில்லை, அல்லது நோய். எபிநெஃப்ரினில் மாறியது, சில்லில் ஒட்டவில்லை என்றால் லார்வா நல்லது, உங்கள் ஓட்டில்தான் குறை. முதல் கிண்ணத்திலேயே நிறைய மாறியிருந்தால் அந்தத் தொகுதியைச் சற்று தாமதமாக எடுத்திருக்கிறீர்கள்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. ஓட்டை மூடிக்கொண்டு அடியில் கிடப்பதையெல்லாம் "மாறியது" என்று எழுதாதீர்கள். ஓட்டின் விளிம்பில் புது ஓடு பளபளப்பான பட்டையாகத் தெரிய வேண்டும், அல்லது திறந்த ஓட்டுக்குள் செவுள் இழைகள் அசைய வேண்டும். இரண்டும் இல்லாமல் வீலம் மட்டும் உதிர்ந்திருந்தால் அது பெரும்பாலும் சாகப்போகும் லார்வா.

---

கழிமுகம்:

நன்றி. மூன்று கேள்வி. கண்புள்ளி இருந்தால் பக்குவம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொடி கிடைக்கத் தாமதமானால் மருந்துக்கடை அட்ரினலின் ஊசி மருந்து ஆகுமா? உருமாறியபின் எப்போது தீனி?

---

உப்புமானி:

ஊசி மருந்து ஆகாது. ஒரு ஆம்ப்யூலில் ஒரு மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு லிட்டருக்கு 18 ஆம்ப்யூல், 10 லிட்டருக்கு 183. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், கெடாமல் இருக்க அதில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ப்பார்கள். அது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சும். காற்று விடாத தொட்டியில் அவ்வளவு ஆம்ப்யூலை உடைத்து ஊற்றினால் எபிநெஃப்ரின் வேலை செய்யும் முன் லார்வா மூச்சுத் திணறும்.

பொடி வாங்கும்போது இடது (எல்-) வடிவமா, இடதும் வலதும் கலந்த (டிஎல்-) வடிவமா என்று பாருங்கள். அட்ரினெர்ஜிக் ஏற்பிகளில் பொருந்துவது இடது வடிவம். கலந்ததில் அது பாதிதான் இருக்கும்.

---

வெலிஜர்:

கண்புள்ளி தேவை, ஆனால் அது மட்டும் போதாது. கண்புள்ளி தெரிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் பெரும்பாலானவை பதில் தரும். சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கால் வெளியே நீண்டு தரையைத் துழாவ வேண்டும். துழாவாமல் நீந்திக்கொண்டே இருந்தால் ஒரு நாள் பொறுங்கள். மெட்ராசென்சிஸில் கண்புள்ளி வருவது ஏறக்குறைய 280 மைக்ரானில். நன்கு ஊரும் நிலை 330–350 மைக்ரானில். 212 வலை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும், அங்கேதான் உங்கள் கலப்படம். 240ஐ மேலே வைத்து, அதில் நிற்பதை மட்டும் முதல் தொகுதியாக எடுங்கள். கீழே போனதைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு மறுநாள் மறுபடி சலியுங்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1980களில் இந்த இனத்தின் குஞ்சு உற்பத்தி முறையை வகுத்தது. அளவுகளுக்கு அங்கிருந்து வந்த கையேடுகள் இன்றும் பயன்படும்.

தீனி: உருமாறும்போது பழைய வடிகட்டியான வீலம் போய்விட்டது, புது வடிகட்டியான செவுள் இன்னும் தயாராகவில்லை. அந்த இடைவெளியில் உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் பிழைக்கும். ஆகவே முதல் நாள் பாசியைக் கொட்டினால் தண்ணீர் கெடுவதைத் தவிர வேறு பயன் இல்லை. மறுநாள் மெல்லிய அளவில் ஐசோகிரைசிஸ் பாசி, செவுள் அசைவு தெரிந்ததும் கீட்டோசெரஸ் பாசியைச் சேருங்கள். உண்மையில் இந்தத் தீனியை முந்தைய வாரமே கொடுத்திருக்க வேண்டும். ஜீரணச் சுரப்பி பொன்பழுப்பாக இருளாமல் வெளிறிக் கிடந்தால் கொழுப்பு இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட தொகுதி எபிநெஃப்ரினில் 90 சதவீதம்கூட மாறும், மூன்றாம் நாள் பாதி செத்திருக்கும். இதைத்தான் பலர் "மருந்தின் நச்சு" என்று எழுதிவைக்கிறார்கள்.

---

ஓட்டுப்பொடி:

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. தனிக் குஞ்சுதான் வேண்டும் என்றால் ஓட்டுத்துகள் போதுமே. காய்ந்த சிப்பி ஓட்டை இடித்து, 500 மைக்ரானுக்குக் கீழும் 250க்கு மேலும் நிற்கும் துகளை மட்டும் சலித்து எடுங்கள். ஒரு துகளில் ஒரு லார்வாவுக்குத்தான் இடம். அதுவே ஒட்டிக்கொள்ளும், அதுவே உருமாறும், துகள் ஓட்டோடு ஓடாக மறைந்துவிடும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், தராசு வேண்டாம், ரோஜா நிறம் பற்றிய கவலையும் வேண்டாம்.

கெடுவது இரண்டு இடத்தில். மாவாக இருக்கும் தூளைக் கழுவி எடுக்காவிட்டால் அது செவுளில் அடைக்கும். அலசும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். இரண்டாவது, டவுன்வெல்லர் வலையில் துகளை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். தடிமனாகப் போட்டால் லார்வா துகளையும் துகளையும் சேர்த்து ஒட்டிக் கட்டியாக்கிவிடும். நாளுக்கு இரண்டு முறை மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கிளறிவிடுங்கள். குஞ்சு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியதும் 700 மைக்ரான் வலையில் சலித்தால் வெற்றுத் துகள் கீழே போய்விடும்.

துகளைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி அன்றே போடுகிறவர்கள் "ஒட்டவே இல்லை" என்பார்கள். கொதித்த ஓடு வெறும் கல். இரண்டு மூன்று நாள் ஓடும் கடல்நீரில் ஊற வேண்டும்.

---

வெலிஜர்:

ஓட்டுப்பொடி சொன்னதில் பெரிய மறுப்பு இல்லை. உற்பத்திக்கு மட்டும் என்றால் நானும் ஓட்டுத்துகளைத்தான் சொல்வேன். எபிநெஃப்ரினின் மதிப்பு வேறு இடத்தில்: ஒரே நேரத்தில் முழுத் தொகுதியும் மாறுவதால் வயது ஒன்றுபோல் இருக்கும், ஆய்வுக்கும் இனத்தேர்வுக்கும் அது முக்கியம். தொகுதி பக்குவமா என்று ஒரே நாளில் சொல்லிவிடவும் அது உதவும்.

கொதித்த ஓடு ஏன் ஒட்டவைப்பதில்லை என்பதை மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். ஓட்டின் சுண்ணாம்பை விட அதன்மேல் வாழ்பவையும் அவற்றிலிருந்து கசிபவையும்தான் சமிக்ஞை. அமெரிக்கச் சிப்பியான கிராசோஸ்ட்ரியா வர்ஜினிகாவில் ஸிம்மர்-ஃபவுஸ்ட்டும் டம்புரியும் 1994இல் காட்டியது, வளர்ந்த சிப்பிகளிலிருந்து வரும் சிறு பெப்டைடுகள், குறிப்பாகக் கடைசியில் ஆர்ஜினின் அமைந்தவை, மிகக் குறைந்த செறிவில் லார்வாவை இறங்கவைக்கின்றன. ஷெவனெல்லா கோல்வெல்லியானா என்ற பாக்டீரியா மெலனின் நிறமியை உண்டாக்கும் வழியில் எல்-டோப்பாவையும் வெளியிடுகிறது. அது படர்ந்த பரப்பில் சிப்பி லார்வா கூடுதலாக ஒட்டுகிறது. கரைந்த அம்மோனியாவும் ஒன்று. கூனும் குழுவினரும் 1990இல் காட்டியபடி அது ஊரும் நடத்தையைத் தூண்டும், உருமாற்றத்தை மட்டும் தராது. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: கண்புள்ளி லார்வாவைச் சின்ன வாளியில் நெருக்கமாக, தண்ணீர் மாற்றாமல் வைத்திருந்தால் அம்மோனியா ஏறி, மருந்துக்கு முன்பே வாளிச் சுவரில் ஊரத் தொடங்கிவிடும். சலித்த கையோடு மருந்துக்கு அனுப்புங்கள்.

---

பவளத்திட்டு:

இடையில் ஒரு கேள்வி. அபலோன் என்ற கடல் நத்தையில் காபா என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள், சிப்பியில் எபிநெஃப்ரின், வேறு சிலவற்றில் பொட்டாசியம் குளோரைடு என்று படிக்கிறோம். எந்த உயிருக்கு எது என்பதற்குப் பொது விதி உண்டா? பவளத்துக்கும் இப்படிப் பாட்டிலில் ஒன்று கிடைக்குமா?

---

வெலிஜர்:

பொது விதி இல்லை. ஏற்பி எது என்பதைப் பொறுத்தது.

1979இல் மோர்ஸும் கூட்டாளிகளும் கலிஃபோர்னியாவின் சிவப்பு அபலோனில் காபா 10⁻⁶ மோலாரிலேயே, அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமிலேயே, வேலை செய்வதைக் காட்டினார்கள். இயற்கையில் அந்த லார்வா இறங்குவது பாறையில் பூச்சுப்போல் படரும் சுண்ணாம்புச் சிவப்புப் பாசியின் மேல்; அந்தப் பாசியின் சமிக்ஞையைத்தான் காபா போலி செய்கிறது. பாக்டீரியாவுக்குக் காபா நல்ல தீனி என்பதால் சுத்தமில்லாத தண்ணீரில் அது சீக்கிரம் காணாமல் போகும். சிப்பியில் எபிநெஃப்ரினுக்கு நிகரான நம்பகமான பலன் காபாவில் இல்லை.

பொட்டாசியம் வேறு ரகம். கடல்நீரில் ஏற்கெனவே ஏறக்குறைய 10 மில்லிமோலார் இருக்கிறது. மேலும் 10–20 மில்லிமோலார் சேர்த்தால், அதாவது 15க்கு லிட்டருக்கு 1.1 கிராம் பொட்டாசியம் குளோரைடு, நரம்புச் செல்களின் மின்னழுத்தம் குலைந்து ஏற்பியைத் தாண்டிச் சங்கிலி ஓடிவிடும். பூட்டைத் திறக்காமல் கதவை உடைப்பது போல. ஆகவே அது இயற்கைச் சமிக்ஞை பற்றி எதையும் சொல்லாது. பக்குவச் சோதனைக்கு நல்லது, எல்லா இனத்திலும் அல்ல.

பவளத்தில் டெட்ராபுரோமோபிரோல் என்ற பொருள் உண்டு; சூடோஆல்டெரோமோனாஸ் பாக்டீரியா உண்டாக்குவது. அக்ரோபோரா மில்லெபோரா லார்வாவை அது உருமாறவைக்கும் என்று 2011இல் வெளியானது. ஆனால் அந்தச் சோதனையில் பெரும்பாலான லார்வா எதிலும் ஒட்டாமலே உருமாறியது. சிப்பிக்காரருக்கு அதுதான் வேண்டும்; பவளத்திட்டு மீட்கிறவருக்கு அலையில் உருளும் பாலிப்பால் பயனில்லை. பிற்பாடு கரீபியப் பவளம் போரைட்டீஸ் ஆஸ்ட்ரியாய்டீஸில் அதே பொருளில் ஒட்டுதலும் சேர்ந்து நடந்ததாகக் காட்டினார்கள். இனம் மாறினால் பதில் மாறுகிறது. நடைமுறையில் இன்றும் சுண்ணாம்புப் பாசி படர்ந்த டைல்களைத்தான் நம்புகிறார்கள்.

சமிக்ஞை என்றாலே கரையும் சிறு மூலக்கூறு என்று எண்ணவும் கூடாது. ஹைட்ராய்டீஸ் எலிகன்ஸ் என்ற குழாய்ப்புழுவுக்கு, சூடோஆல்டெரோமோனாஸ் லூட்டியோவயலேசியா என்ற பாக்டீரியா வெளியிடும், வைரஸ் வாலைப்போன்ற சுருங்கும் ஊசிக் கட்டமைப்புகள்தான் உருமாற்றத்தைத் தூண்டுகின்றன. ஹாட்ஃபீல்டு ஆய்வகத்தோடு தொடர்புடைய அந்த வேலை 2014இல் வந்தது. அதைப் பாட்டிலில் கரைத்து ஊற்ற முடியாது.

---

உப்புமானி:

கழிமுகம், அடுத்த தொகுதிக்கு ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். மருந்துக்குப் பின் 24 மணி நேரம் கழித்து டவுன்வெல்லரில் நீந்துபவற்றை மேலாக வடித்துத் தனியே எடுத்துவிடுங்கள். அவற்றைக் குஞ்சோடு விட்டால் இரண்டு நாளில் தாமாக இறங்கி, கிடைக்கும் முதல் கெட்டியான பொருளில் ஒட்டும். அந்தக் கெட்டியான பொருள் நீங்கள் பாடுபட்டுத் தனியாக்கிய குஞ்சின் முதுகாக இருக்கும். வடித்தவற்றை ஒரு நாள் தீனி கொடுத்து வைத்து, காலால் துழாவுகிறதா என்று பார்த்து, மறுபடி புது மருந்தில் விடலாம். ஏற்கெனவே சுவரில் ஒட்டியதைச் சுரண்டாதீர்கள், இடது ஓடு காகிதம் போல் மெல்லியது, உடைந்துவிடும். அடுத்த முறை மருந்துப் பாத்திரத்தை ப்ளீச்சில் கழுவி, நன்னீரில் அலசி, காய்ந்தபின் பயன்படுத்தினால் சுவரில் படலமே இருக்காது.